மாற்றுத்திறன் குழந்தை வகுப்புக்கு வரும்போது: தயங்கும் ஆசிரியரோடு எங்கிருந்து தொடங்குவது

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். ஒரு தாய் ஏழு வயது மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஹெச்.எம். அறை வாசலில் நிற்கிறார். பையனுக்கு மூளை முடக்குவாதம். அவர் உள்ளே போய் உட்காருவதற்குள் ஆசிரியர் அறையில் பேச்சு தொடங்கிவிடும். "பாவம், இந்தப் பிள்ளைய நாம எப்படிப் பாத்துக்கிறது?" "இவங்களுக்குன்னுதான் தனியா ஸ்கூல் இருக்கே." "ஒரு பிள்ளைக்காக மத்த முப்பது பிள்ளைய விட முடியுமா?" "ஸ்பெஷல் டீச்சர் எப்பவாவதுதான வர்றாங்க, மத்த நாள் யார் பாக்கிறது?"

இருபது வருடத்துக்கு மேல் ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்க்கிறேன், இந்தப் பேச்சைக் கேட்காத பள்ளி ஒன்றுகூட இல்லை. முதல் ஐந்தாறு வருடம் நானும் இதில் ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இப்படிச் சொல்கிற யாரும் கெட்டவர்கள் இல்லை, பெரும்பாலும் பயந்தவர்கள். அந்தப் பயத்தைப் பேசிப் போக்க முடியாது. அந்தக் குழந்தையோடு ஏதாவது ஒரு சின்ன வேலை ஒருமுறை கைகூடி வந்துவிட்டால் பயம் பாதி போய்விடும், மனசு அதற்குப் பின்னால் தானாக வரும். நான் பார்த்த வரையில் இந்த வரிசை மாறவே இல்லை. தலைமையாசிரியர், வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர், பக்கத்து வகுப்பு ஆசிரியர், அப்புறம் தயங்கிக்கொண்டிருக்கும் அந்த ஆசிரியர், எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சட்டம் தெரிந்திருக்கட்டும், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை, அதுவும் வீட்டருகே உள்ள பள்ளியிலா சிறப்புப் பள்ளியிலா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையோடு சேர்த்து. ஆகவே "அங்க போகலாமே" என்று முடிவு செய்யும் இடம் நம்முடையது இல்லை, அது அந்தக் குடும்பத்துடையது. 2009இன் கல்வி உரிமைச் சட்டத்திலும் 2012இல் திருத்தம் கொண்டுவந்து மாற்றுத்திறன் குழந்தைகளை வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறார்கள். சேர்க்கை மறுக்க வழியில்லை.

இதைத் தலைமையாசிரியர் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட வேண்டும்: "சேர்த்தாச்சு, இனி எப்படின்னு பேசலாம்." அவ்வளவு போதும். சட்டத்தை வைத்து மிரட்டினால் ஆசிரியர் பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துக்கொள்வார், வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறும், கல்வித்துறையின் எமிஸ் இணையப் பதிவில் ஏறும், பிள்ளை கடைசி பெஞ்சில் வருடம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கும். அப்படி உட்கார்ந்து எழுந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

என்ன பயம் என்று கேளுங்கள், காது கொடுத்துக் கேளுங்கள்

"உங்களுக்கு மனசு இல்லை" என்று ஒருபோதும் தொடங்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, ஒரு டீயோடு, "டீச்சர், எதை நெனச்சா கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். முதலில் "ஒண்ணுமில்ல சார்" என்பார். கொஞ்சம் பொறுத்தால் உண்மை வரும். வகுப்பில் வலிப்பு வந்துவிட்டால்? கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவது? கீழே விழுந்தால் அவன் அப்பா சண்டைக்கு வந்துவிடுவாரா? என் வகுப்பின் வாசிப்புத் திறன் குறைந்து ஆய்வுக்கு வரும்போது என்னைக் கேள்வி கேட்பார்களா? இதெல்லாம் நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது, ஆனால் பயம் எது என்று தெரியாமல் பொதுவாகப் பயிற்சி கொடுத்து எந்தப் பலனும் இல்லை.

அவ்ராமிடிஸ், நார்விச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல நாடுகளில் ஆசிரியர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆசிரியரின் மனநிலையை அவருடைய சொந்த விவரங்களைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை குழந்தையின் குறைபாடு எந்த வகை, எவ்வளவு கடுமை என்பதும், ஆசிரியருக்குக் கையில் என்ன உதவி கிடைக்கிறது என்பதும்தான் என்று அதில் சொல்கிறார்கள். நம் ஊரிலும் அதே கதைதான். ஊன்றுகோலோடு வரும் பிள்ளையை யாரும் அதிகம் மறுப்பதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை, திடீரென்று எழுந்து ஓடும் பிள்ளை, கத்தும் பிள்ளை என்றால்தான் முகம் மாறுகிறது. அதனால் "மாற்றுத்திறன் பிள்ளைகள்" என்று மொத்தமாகப் பேசாமல், வந்திருக்கும் இந்த ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

வலிப்புப் பயத்தை முதல் நாளே தீர்த்துவிடுங்கள்

எல்லாப் பயங்களிலும் இதுதான் பெரியது, அரை மணி நேரத்தில் தீர்க்கக்கூடியதும் இதுதான். எல்லா ஆசிரியர்களையும், சத்துணவு அமைப்பாளரையும்கூட, ஒன்றாக உட்கார வைத்துச் செய்து காட்டுங்கள்.

வலிப்பு வந்தால் சுற்றியுள்ள பெஞ்சை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் பையையோ துண்டையோ வையுங்கள், சட்டைக் காலரைத் தளர்த்துங்கள், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்து கொடுக்காதீர்கள். இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது தலைமுறையாக வரும் நம்பிக்கை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுவிடுவதால் சாவிதான் நிறுத்தியது என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். வாய்க்குள் ஸ்பூனோ துணியோ விரலோ வைக்காதீர்கள், கையையும் காலையும் அழுத்திப் பிடிக்காதீர்கள், முழுசாகத் தெளியும் வரை தண்ணீர் கொடுக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தெளியாமலே மறுபடி வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, அடிபட்டிருந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். பிள்ளைக்கு இதுதான் முதல் வலிப்பு என்றாலும் காத்திருக்காமல் கூப்பிட்டுவிடுங்கள்.

இதை ஒரு அட்டையில் எழுதி மாட்டுங்கள். வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் நம்மைவிட நிதானமாகச் செய்வார்கள், நான் கண்ணால் பார்த்தது.

முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு வேலை

இதில்தான் எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொடக்கத்தில் சொன்ன மாதிரி ஒரு பையன் எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தான். வகுப்பாசிரியர் ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தவர், நல்ல ஆசிரியர், ஆனால் "இவன் கையில பென்சிலே நிக்கலையே, இவன எழுத வைக்கிறது நடக்கிற காரியமா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சிறப்பாசிரியர் வந்தார். அவர் பையனின் கையைப் பார்க்கவே இல்லை, குனிந்து காலைப் பார்த்தார். பெஞ்ச் உயரம், கால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கால் தொங்கினால் உடம்பு நிலைக்காது, உடம்பு நிலைக்காவிட்டால் கை ஆடத்தான் செய்யும். சமையலறைக்குப் பின்னால் கிடந்த செங்கல்லில் இரண்டைச் சாக்குத் துணியில் சுற்றிக் காலுக்கு அடியில் வைத்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. சிலேட் வழுக்கிக்கொண்டே போனது, அதற்கு அடியில் ஈரத்துணியை விரித்தார், நகரவில்லை. பல்பத்தைச் சைக்கிள் டியூப் துண்டுக்குள் செருகித் தடிமனாக்கினார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம், ஒரு ரூபாய் செலவில்லை.

அன்றைக்கு எழுத்து வரவில்லை. இரண்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, சிலேட் முழுக்க, உள்ளங்கை அளவுக்குக் கோணல்மாணலாக ஒரு 'ட' வந்தது. இரண்டு கோடுதான். அந்த ஆசிரியர் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு என் வகுப்புக்கு வந்தார், அழிக்க விடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது என்னிடம் கேட்டார்: "அடுத்து 'ப' குடுக்கலாமா, இல்ல 'ட'வே இன்னும் கொஞ்ச நாள் எழுதட்டுமா?" அந்தக் கேள்வியில் அவன் எழுதுவானா மாட்டானா என்பதே இல்லை, அடுத்து என்ன என்பதுதான் இருந்தது. அதற்கு முன் அவரிடம் நாங்கள் பேசியதெல்லாம் செய்யாத வேலையை இரண்டு செங்கல் செய்துவிட்டது.

ஆகவே உங்கள் பள்ளியிலும் இப்படிச் செய்யுங்கள். சிறப்பாசிரியரும் வகுப்பாசிரியரும் உட்கார்ந்து, இரண்டு வாரத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே ஒரு இலக்கை எழுதுங்கள். "எழுத்தறிவு மேம்படும்" என்று எழுதினால் உதவாது. "பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்", "மதிய உணவு வரிசையில் தட்டோடு நிற்பான்" என்று எழுதினால் நடந்ததா இல்லையா என்று தெரியும். அந்த ஒன்று நடக்கும் வரை இரண்டாவது வேலையைக் கொடுக்காதீர்கள், குழந்தைக்கும் சரி, ஆசிரியருக்கும் சரி.

காது கேட்பதில் குறை உள்ள பிள்ளை என்றால்

காதுக்கருவி மாட்டியிருக்கிறது, ஆகவே கேட்கிறது என்று நினைத்துவிடுவோம். பேட்டரி தீர்ந்த கருவி காதை அடைத்த பஞ்சு மாதிரிதான். பிள்ளை "கவனிக்கல", "மந்தமா இருக்கா" என்று நாம் பெயர் வைத்துவிடுவோம், அதற்குள் ஒரு மாதம் ஓடியிருக்கும்.

தினமும் காலையில் ஒரு நிமிடம் போதும். பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டைப் பார்க்க முடியாதபடி நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு, ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். பேச்சில் வரும் தாழ்ந்த ஒலியிலிருந்து கூர்மையான ஒலி வரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும், உலகமெங்கும் லிங் ஒலிச் சோதனை என்று செய்வது இதுதான். திருப்பிச் சொல்லத் தெரியாத பிள்ளை, ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடட்டும். நேற்று கேட்ட ஒலி இன்றைக்குக் கேட்கவில்லை என்றால் பேட்டரியைப் பாருங்கள். கருவி விசில் அடித்தால் காது அச்சு, அதாவது காதுக்குள் செருகும் பகுதி, சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம், பிள்ளை வளர வளர அச்சு சிறியதாகிவிடும், புது அச்சு எடுக்க வேண்டும், பெற்றோருக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்தாதீர்கள். எழுதுங்கள், திரும்புங்கள், பிறகு பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் இருட்டாகிவிடும், உதடு தெரியாது. இதைப் பழகினால் மற்ற முப்பது பிள்ளைகளுக்கும் பாடம் தெளிவாகக் கேட்கும், அதையும் தயங்கும் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

பார்வைக் குறைவு உள்ள பிள்ளைக்கு, பலகையில் எழுதுவதை எழுதும்போதே வாய்விட்டுப் படியுங்கள், வெயில் பட்டுப் பலகை மின்னாத இடத்தில் உட்கார வையுங்கள், நோட்டில் தடித்த கறுப்புக் கோடு போட்டுக் கொடுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, இன்றைக்கு என்னென்ன நடக்கும் என்பதைப் படமாக வரைந்து டெஸ்க் மேல் ஒட்டுங்கள், மணி அடிக்கும் முன் அருகில் போய்ச் சொல்லுங்கள், ஏதாவது மாறப்போகிறது என்றால் முன்பே சொல்லுங்கள். சத்தம் தாங்காமல் எழுந்து போக ஒரு மூலை இருக்கட்டும், அது தண்டனை மூலையாக இருக்கக் கூடாது.

"பாவம்" என்ற சொல்லைக் கவனியுங்கள்

மறுக்கும் ஆசிரியரைவிட எனக்கு அதிகக் கவலை தருபவர் பாவம் பார்க்கும் ஆசிரியர். அவர் பிள்ளையிடம் அன்பாகத்தான் இருப்பார், மிட்டாய் கொடுப்பார், தலையைத் தடவுவார். ஆனால் கேள்வி கேட்க மாட்டார், வீட்டுப்பாடம் கொடுக்க மாட்டார், தப்பாகச் செய்தாலும் "பரவாயில்ல, விடு" என்பார். பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது எல்லோருக்கும் செல்லமாகவும் ஒன்றும் தெரியாமலும் போகும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது நல்ல வகுப்பாகத் தெரியும், அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரு பாடவேளை பின்னால் உட்கார்ந்து, ஆசிரியர் அந்தப் பிள்ளையிடம் எத்தனை கேள்வி கேட்டார் என்று மட்டும் எண்ணுங்கள். குற்றம் சொல்லாமல் எண்ணிக்கையை அவரிடம் காட்டுங்கள். என்னுடைய வகுப்பில் ஒரு தோழி அப்படி எண்ணிக் காட்டியபோது பூஜ்யம் வந்தது. அந்தப் பிள்ளையை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வருடம் அது. மறுநாளிலிருந்து பாடவேளைக்கு ஒரு கேள்வியாவது அவளிடம் கேட்பது என்று வைத்துக்கொண்டேன், பதில் சொல்ல அவளுக்கு நேரம் வேண்டும், மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருப்பேன், மற்ற பிள்ளைகளும் காத்திருக்கப் பழகிவிட்டார்கள்.

பெயர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். "சி.டபிள்யூ.எஸ்.என். பிள்ளை" (சிறப்புத் தேவை உள்ள குழந்தை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), "ஊமப் பையன்", "அந்த நொண்டி" எதுவும் வேண்டாம், பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது. ஆசிரியர் எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படித்தான் வகுப்பும் கூப்பிடும்.

"மத்த முப்பது பிள்ளைய என்ன செய்றது?"

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காதீர்கள். உண்மையில் எந்த வகுப்பில் முப்பது பேரும் ஒரே மட்டத்தில் இருக்கிறார்கள்? 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, ஒரே பாடத்தை மூன்று மட்டத்தில் நடத்தப் பழகினோம். அதே பழக்கத்தை இன்னும் ஒரு படி நீட்டுங்கள். மற்றவர்கள் கூட்டல் கணக்கு எழுதும்போது இவன் மணிகளை எண்ணிப் போடட்டும், இன்னொருத்தி இரண்டு குவியலில் எது அதிகம் என்று காட்டட்டும். பாடம் ஒன்று, எதிர்பார்ப்பு வேறு. தனி மூலையில் தனி வேலை கொடுத்துவிட்டால் வகுப்பில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பக்கத்தில் ஒரு துணை மாணவர் இருக்கட்டும், ஆனால் வாரத்துக்கு ஒருவராக மாற்றுங்கள். ஒரே பெண்ணை வருடம் முழுக்கத் துணையாக உட்கார வைத்தால் அவள் படிப்பும் கெடும், இந்தப் பிள்ளைக்கும் ஒரே ஒருத்திதான் தோழி என்றாகிவிடும். தாயையே தினமும் வகுப்பில் உட்காரச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீடுகளில் அது பள்ளியை விட்டு நிறுத்துவதற்குச் சமம். கழிப்பறைக்குப் போகும் நேரத்தைத் தாயிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, யார் உதவுவது என்று தலைமையாசிரியர் பெயர் குறித்து முடிவு செய்ய வேண்டும். அதை வகுப்பாசிரியர் தலையில் மட்டும் கட்டினால் அவர் மனசு மாறாது, மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

மதிப்பெண் பற்றிய பயத்துக்கும் ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் குறைபாட்டுக்கு ஏற்ப, சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் தமிழ்நாட்டில் உண்டு. எழுத்தும் வாசிப்பும் மட்டும் வராத டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்கும் உண்டு. மருத்துவச் சான்று வேண்டும், பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

சிறப்பாசிரியர் வரும் நாளை வீணாக்காதீர்கள்

ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளைப் பார்க்கிறார், உங்கள் பள்ளிக்கு வரும் நாட்கள் குறைவு. அவர் வந்தவுடன் பிள்ளையைக் கூப்பிட்டு வராந்தாவில் தனியாக உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் பாடம் நடத்துவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அன்றைக்கு மட்டுமாவது அவரை வகுப்புக்குள் கூப்பிடுங்கள். முந்தின நாளே மூன்று கேள்வி எழுதி வையுங்கள், "எப்படி இருக்கான்?" என்று பொதுவாகக் கேட்காமல் "சாப்பிடும்போது ஸ்பூன் நழுவுது, என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். அவர் செய்வதைப் பார்த்து, அவர் எதிரிலேயே நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். கேட்டதைவிடக் கையால் செய்ததுதான் மறுநாள் ஞாபகம் வரும். இயன்முறை மருத்துவர் வள மையத்தில் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டுப் பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் வேறு யாராவது "அந்தப் பிள்ளையால எம் பிள்ளை படிப்பு போகுது" என்று கிளப்பினால், தலைமையாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும், அந்தத் தாய் சொல்லும்படி விடக் கூடாது.

மார்ச் மாதம் ஒரு தாள்

ஒரு ஆசிரியர் வருடம் முழுக்கக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதெல்லாம் ஜூனில் வகுப்பு மாறியவுடன் போய்விடும், புது ஆசிரியர் மறுபடி "எனக்குத் தெரியாதே" என்று முதலிலிருந்து தொடங்குவார். இதைத் தடுக்க ஒரே ஒரு தாள் போதும். அவனுக்கு என்ன தெரியும், என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவான், எந்த மருந்து எப்போது, எப்படி உட்கார வைக்க வேண்டும், எது செய்து பார்த்து உதவவில்லை. "மெதுவாகக் கற்பவன்" போன்ற பொதுவான வாக்கியம் ஒன்றுகூட வேண்டாம். "பசி வந்தால் டெஸ்க்கைத் தட்டுவான், அடம் என்று நினைக்காதீர்கள்" என்ற மாதிரி எழுதுங்கள்.

எங்கள் இரண்டாம் வகுப்பு ஆசிரியர் அப்படி ஒரு தாள் எழுதி, ஏப்ரலில் மூன்றாம் வகுப்பு ஆசிரியரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டினார். பள்ளி திறந்த அன்று காலை, பிரேயர் மணி அடிக்கும் முன், சாக்கில் சுற்றிய அந்த இரண்டு செங்கல்லையும் அவரே தூக்கிக்கொண்டு போய் மூன்றாம் வகுப்பில் வைத்துவிட்டு வந்தார்.